மேல்தாடையில் பதினொரு மில்லிமீட்டர்

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சிரம்பானில் என் போட்டோ கடையின் பின்னறையில், கறுப்புத் தாளை விரல் நகம் அளவுக்கு வெட்டி, ஒரு பெண்ணின் பெயர்மேல் ஒட்டியதில் பிறந்தது. ஒட்டியவன் நான்.

1996, ஆகஸ்ட் மாதம். அப்போதெல்லாம் மாநாட்டில் பேசுகிறவர்கள் ஸ்லைடு போட்டுக் காட்டுவார்கள். ஸ்லைடு செய்துதரும் கடை ஊரில் இரண்டு, ஒன்று என்னுடையது. டாக்டர் சீதாலெட்சுமி ஒரு பெரிய உறையோடு வந்தார். இவ்வூர்ச் செட்டியார் வீட்டுப் பெண், பல் மருத்துவர். மேற்படிப்புக்கான ஆராய்ச்சியை முடித்திருந்தார். அதைப் பற்றிப் போர்ட்டிக்சனில் ஒரு மாநாட்டில் பேசப் போகிறார். உறைக்குள் பன்னிரண்டு தாடை எக்ஸ்ரே படங்களும் தட்டச்சு செய்த இரண்டு அட்டவணைகளும் இருந்தன.

"படத்து மூலையில பேர் இருக்கும், அண்ணே. அது தெரியக் கூடாது. நோயாளியோட ரகசியம்," என்றார்.

நியாயமான பேச்சு. வெட்டி ஒட்டிக்கொண்டே வந்தேன். ஏழாவது படத்தில் கை நின்றது. 'பஞ்சாலை, மாரப்பன் மகள்.' எனக்கு அந்த ஆளைத் தெரியும். முகவரி மாறியதற்காகப் புது ஐ.சி., அதாவது அடையாள அட்டை, எடுக்க வேண்டும் என்று போன வாரம்தான் என் கடைக்கு வந்து, வாயை இறுக மூடிக்கொண்டு படத்துக்கு உட்கார்ந்தாள். அம்பாங்கான் அடுக்குமாடியில் மகள் வீட்டில் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முதல் அட்டவணை யாருக்கு எவ்வளவு புது எலும்பு வளர்ந்தது என்று காட்டியது. அதில் ஏழாம் எண்தான் முதலிடம். இரண்டாவது அட்டவணை யாருக்குப் பல் வைத்து எப்படி இருக்கிறது என்று காட்டியது. அதில் ஏழாம் எண்ணுக்கு நேரே எண்கள் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு வரி மட்டும். தமிழில் சொன்னால்: 'தொடர்பு அறுந்துவிட்டது, கண்டறிய இயலவில்லை.'

[இந்த இடத்தில் காரமாக நாலு வரி எழுதி, அடித்துவிட்டேன். கோபம் முழுவதையும் முதல் பக்கத்திலேயே கொட்டிவிட்டால் பிறகு கதைக்கு என்ன மிஞ்சும்.]

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "பனி விலகாத விடியலில், பால்மரங்களின் நிரைகளுக்கு நடுவே ஒரு விளக்கு மெல்ல மெல்ல…"

போதும். மலேசியத் தமிழ்க் கதைகளில் பாதி அந்தப் பனிக்குள்தான் தொடங்குகின்றன. ஞாயிறு பத்திரிகைகளில் நானே நாலு கதைகளை அப்படித் தொடங்கியிருக்கிறேன்.

இரண்டாம் வரைவு: "மேல்தாடைக்கு மேலே, கன்னத்தின் உள்ளே, காற்று நிரம்பிய ஒரு குழி இருக்கிறது." இது கட்டுரை. ஆனால் இது தெரியாமல் இந்தக் கதையில் நடந்த அநியாயம் விளங்காது. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேல்கடைவாய்ப் பற்கள் போய்விட்டால் அந்த இடத்து எலும்புக்கு வேலை இல்லை. வேலை இல்லாத எலும்பை உடம்பு வைத்துக் காப்பாற்றுவதில்லை, கரைத்துவிடும். அந்தக் காற்றுக் குழி, சைனஸ் என்பார்களே அதுதான், கீழே இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இருபது வருடம் போனால் ஈறுக்கும் குழிக்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் எலும்பு மிஞ்சும். செயற்கைப் பல்லுக்கான திருகாணியை அதில் இறக்க முடியாது. அதனால் கன்னப் பக்கத்து எலும்பில் சின்ன ஜன்னல் ஒன்றைத் திறந்து, குழியின் உள்தோலைக் கிழியாமல் மேலே தூக்கி, அடியில் கிடைத்த இடத்தில் எலும்புத் துகளை நிரப்பி மூடுகிறார்கள். ஆறேழு மாதத்தில் அந்தத் துகளைப் பற்றிக்கொண்டு புது எலும்பு வளர்கிறது. அப்புறம் திருகாணி. அதன்மேல் பல்.

இதில் பொய் ஒன்றும் கிடையாது. எலும்பு மெய்யாகவே வளர்கிறது. என் கோபம் எலும்பின்மேல் இல்லை.

மூன்றாம் வரைவுதான் நிலைத்தது.

3

மம்பாவ்வுக்கு அப்பால் புக்கிட் செலாசே ரப்பர்த் தோட்டத்தில் பஞ்சாலை பால்மரம் வெட்டினாள். 1976இல் அவளுக்கு இருபத்தாறு வயது. மேல் ஈறெல்லாம் வீங்கிச் சீழ் கட்டியிருந்தது. தோட்டத்து டிரஸர், அதாவது காயத்துக்கு மருந்து போட்டுக் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுக்கிறவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை இடது பக்கத்துப் பற்களைப் பிடுங்கினார். அடுத்த ஞாயிறு வலது பக்கம். மூன்றாம் ஞாயிறு முன்பற்கள். "எல்லாத்தையும் எடுத்துட்டா அப்புறம் வலியே இருக்காது," என்றார். அது உண்மைதான்.

கீழ்வரிசை தப்பியது. மேலுக்குச் சிரம்பான் பாசார் பக்கத்துச் சீனர் கடையில் பல்செட் கட்டினாள். வருடம் போகப் போகத் தாடை தேய்ந்தது, செட் ஆடியது. சோறு தின்னும்போது கழற்றி வைத்துவிடுவாள். பேசும்போது நாக்கால் மேலே தள்ளிப் பிடித்துக்கொள்வாள். அவள் கொஞ்சமாகப் பேசுகிற ஆளும் இல்லை. தொழிற்சங்கத்தின் தோட்டக் கிளையில் பெண்கள் பக்கத்துக்கு அவள்தான் பேச்சாளி.

1992இல் ஒரு நாள், களைக்கொல்லி மருந்து அடிக்கிற எட்டுப் பெண்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனாள். மூன்று பேருக்கு உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது.

"கையைப் பாருங்க, சார். மருந்து டப்பாவிலேயே எழுதியிருக்கு, கையுறை போட்டுத்தான் தொடணும்னு. ஆறு மாசமா கேக்குறோம். வேலை வாங்குற மண்டோர்கிட்ட கேட்டா கிராணிங்கறாரு, கிராணிகிட்ட கேட்டா ஸ்டோர்ல இல்லைங்கறாரு. நாங்க யாருகிட்டத்தான் கை…"

அந்தச் சொல்லுக்கு வாயைத் திறந்தபோது செட் கழன்று, மானேஜரின் மேசைமேல் விரித்து வைத்திருந்த கோப்பில் விழுந்தது.

மானேஜர் அதட்டவில்லை. பென்சிலைத் திருப்பிப் பிடித்து, அதன் பின்முனையால் செட்டை மேசை ஓரத்துக்குத் தள்ளினார். "எடுத்துக்கோ," என்றார். ஆபீஸ் கணக்கரான கிராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பஞ்சாலையின் பின்னால் நின்ற எட்டுப் பெண்களில் ஒருத்தியும் சிரித்துவிட்டாள்.

பென்சிலால் தள்ளியதைக்கூட மறந்துவிட்டேன், அந்தச் சிரிப்பைத்தான் மறக்க முடியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். செட்டைத் தலைத்துண்டில் சுற்றிக்கொண்டு வெளியே நடந்தாள். கையுறைப் பேச்சு அன்றோடு நின்றது.

4

இதுவரை எழுதியதைக் கடையில் வைத்துப் பஞ்சாலைக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"தம்பி, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க, அக்கா."

"மானேஜர் 'தள்ளினார்'. டிரஸர் 'பிடுங்கினார்'. நமட்டுச் சிரிப்புச் சிரிச்ச கிராணிகூட 'திரும்பிக்கொண்டார்'. நான் மட்டும் 'வெட்டினாள்', 'கட்டினாள்', 'நடந்தாள்'. எதுக்குலா?"

எழுத்து நடை அப்படி என்றேன்.

"அப்ப நடையை மாத்துங்க."

மாற்றுகிறேன். மேலே உள்ளதைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன்; என் கை எந்தப் பக்கம் சாய்ந்து எழுதிப் பழகியிருக்கிறது என்பது தெரியட்டும். இனி அவர்.

(பத்திரிகை ஆசிரியராக இருக்கும் என் நண்பரும் இந்தப் பக்கங்களைப் படித்தார். "தோட்டத்துப் பொம்பளைக்குச் சைனஸ் ஆப்பரேஷனா? வாசகர் நம்பமாட்டார். டவுன்ல ஒரு டீச்சரம்மாவா மாத்திடுங்க," என்றார். டீச்சரம்மாவுக்கு இது நடந்திருக்காது, ஐயா. கதையே அதுதான்.)

5

அம்பாங்கானில் ஒரு பங்களாவில், திருகாணி செய்யும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஆதரவில், பல் ஆய்வு மையம் ஒன்று இருந்தது. அதற்குப் பெயர் ஒன்று இட்டுப் பார்த்தேன். கம்பீரமாக ஒலித்தது, எடுத்துவிட்டேன். அங்கே 'பெரிய டாக்டர்' என்று ஒருவர். அவருக்குக் கீழே ஆராய்ச்சி மாணவியாக டாக்டர் சீதாலெட்சுமி. மேல்பல் முழுக்கப் போனவர்கள் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தோட்டத்தில் வரிசையாகக் கிடைப்பார்கள் என்று யாரோ யோசனை சொல்லியிருக்கிறார்கள்.

1994 மார்ச்சில் சீதாலெட்சுமி தோட்டத்துப் பாலர் பள்ளிக்கு வந்து, சின்ன நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களின் வாயைப் பார்த்தார்.

"முட்டை உரிச்சிருக்கீங்கல்ல, அம்மா? ஓட்டுக்கு உள்ள மெல்லிசா ஒரு தோல் இருக்கும். ஓட்டுல மட்டும் ஒரு வட்டம் எடுத்துட்டு, தோலைக் கிழிக்காம உள்ளுக்குத் தள்ளணும். அதான் ஆப்பரேஷன்."

"தோலு கிழிஞ்சா?" என்று கேட்டார் பஞ்சாலை.

"கிழியாம பாத்துக்குவோம்."

"எலும்பு எங்கேருந்து வரும்?"

"உங்க இடுப்புலேருந்து கொஞ்சம் எடுப்போம். இடது பக்கம் அது மட்டும். வலது பக்கத்துல கம்பெனி குடுக்கிற தூளையும் கலப்போம்.* எது நல்லா வளருதுன்னு பாக்கத்தான் இந்த ஆராய்ச்சி. வளந்ததும் ஆறு திருகாணி வச்சு, மேல பல்லு. கழட்டவே வேண்டியதில்ல. நல்லா கடிக்கலாம்."

"பேசலாமா?"

டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "தாராளமா பேசலாம், அம்மா. ஆனா ஒண்ணு. வளர்ந்த எலும்புக்கு வேலை குடுத்துக்கிட்டே இருக்கணும். சும்மா விட்டா மறுபடியும் கரைஞ்சிடும்."

ஒப்புதல் படிவம் நாலு பக்கம், ஆங்கிலத்திலும் மலாயிலும். பஞ்சாலை தமிழில் கையெழுத்துப் போட்டார்.

*அந்தத் தூள் பதப்படுத்திய மாட்டெலும்பு. படிவத்தில் அப்படி இல்லை. 'உயிரியல் பொருள்' என்று இருந்தது. நான் சொல்லித்தான் பஞ்சாலைக்குத் தெரியும். "மாடா?" என்றார். பிறகு, "மாடுங்கறதுகூட இல்ல, தம்பி. என்கிட்ட சொல்லணும்னு அவங்களுக்குத் தோணல பாருங்க, அதான்," என்றார்.

6

ஜூனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து அறுவை நடந்தது. விழித்தபோது முகம் பலாப்பழம்போல் வீங்கியிருந்தது, ஆனால் வலி முகத்தில் இல்லை, இடுப்பில். ஆறு வாரம் நொண்டி நொண்டி நடந்தார். மேட்டு நிரைகளில் ஏற முடியவில்லை. ரப்பர்ப் பால் லோரி ஓட்டும் அவர் கணவர் முருகையா, காலையில் கஞ்சி வைத்து மூடிவிட்டுத்தான் வேலைக்குப் போவார்.

"பல்லு கேட்ட பொம்பளைக்கு இடுப்பை ஒடிச்சு அனுப்பியிருக்கானுங்க," என்பார்.

"வளருதுலா. உள்ளுக்கு வளருது," என்பார் பஞ்சாலை.

வெளியே ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் விசேஷம். கண்ணாடியில் பார்த்தால் அதே வெறும் ஈறு. எலும்பு மேல்நோக்கி, கன்னக்குழிக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. படத்தில் மட்டும்தான் தெரியும். பழைய செட்டை, வளரும் இடத்தில் அழுத்தக் கூடாது என்று மையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். புதுப்பல்லுக்கு மாதிரி பார்க்கவும் உதவும் என்றார்கள்.

1995 ஜனவரியில் படம் எடுத்து அளந்தார்கள். இடது பக்கம், அவருடைய இடுப்பெலும்பு வைத்த பக்கம், இரண்டு மில்லிமீட்டராக இருந்தது பதினொன்றாகியிருந்தது. டாக்டர் சீதாலெட்சுமி படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பன்னெண்டு பேர்ல உங்களுதுதான் பெஸ்ட்," என்றாராம். பஞ்சாலைக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். தன் உடம்பு ஒரு காரியத்தை இவ்வளவு நன்றாகச் செய்திருக்கிறது என்று யாரும் அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அன்றே மரத்துப்போக ஊசி போட்டு, குழாய் போன்ற துளைக்கருவியால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு எலும்புத் தண்டை எடுத்தார்கள். சின்னப் புட்டியில் அதைக் காட்டினார்கள். உடைந்த சாக்குக்கட்டித் துண்டு மாதிரி, லேசான ரோஜா நிறம்.

படிவத்தின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது, நானே படித்தேன்: தண்டை எடுத்த அந்தத் துளையிலேயே, அன்றைக்கே, திருகாணியை இறக்க வேண்டும். அவர்கள் தையல் போட்டு மூடினார்கள்.

"பல்லு?" என்று மரத்த வாயால் கேட்டார் பஞ்சாலை.

"சாமான் வரல, அம்மா. ஏப்ரல்ல வாங்க."

7

ஏப்ரலில் போனார். சாமான் வரவில்லை. ஜூலையில் போனார். பெரிய டாக்டர் வெளிநாட்டில். தோட்டம் விற்பனையாகி, வீட்டு மனைகளாகப் போகிறது என்று அப்போதே பேச்சு. அதனால் மகள் நீலாவதியின் அடுக்குமாடி முகவரியை ஒரு காகிதத்தில் எழுதிக் கவுண்டரில் கொடுத்தார். அங்கிருந்த பெண் அதைப் பச்சைக் கிளிப்பில் கோத்து அவர் கோப்பில் மாட்டியதைப் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினார். அக்டோபரில் போனபோது கேட்டில் பூட்டு. பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை.

வருடக் கடைசியில் தோட்டத்து வீட்டைக் காலி செய்து மகள் வீட்டுக்கு வந்தார்கள். அந்தப் பங்களாவுக்கு அங்கிருந்து பத்து நிமிட நடை. சந்தைக்குப் போகிற வழிதான். போகும்போதும் வரும்போதும் அந்தக் கேட்டைப் பார்ப்பார். சாப்பாடு கஞ்சியும் குழைத்த சோறும். பேச்சு குறைந்துவிட்டது. புது இடத்தில் அவர் பேச்சாளி என்பது யாருக்கும் தெரியாது.

[இங்கே அவர் தனிமையைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. "எனக்குத் தனிமையெல்லாம் இல்ல, கோவம்தான் இருந்துச்சு," என்றார். எடுத்துவிட்டேன்.]

8

மறுபடியும் ஆகஸ்ட் 1996. ஐ.சி. படங்களை வாங்கிப்போகப் பஞ்சாலை கடைக்கு வந்தார். எக்ஸ்ரே படங்களை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்; ஏழாம் ஸ்லைடு மேசைமேல் இருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒரு வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பொருளை இன்னொருவருக்குக் காட்டினேன். ரகசியம் என்றுதான் டாக்டர் சொன்னார். ஆனால் அது யாருடைய ரகசியம்? பஞ்சாலையுடையது. அதைப் பஞ்சாலையிடம் காட்டினேன்.

பூதக்கண்ணாடி வைத்து நெடுநேரம் பார்த்தார். "இது நான்தான். இந்த வளைவு எனக்குத் தெரியும்." அப்புறம் அட்டவணையைக் காட்டி, "இது என்ன எழுதியிருக்கு?" என்றார். தமிழில் சொன்னேன்.

"கண்டுபிடிக்க முடியலையா? என்னையா?"

"அப்படித்தான் போட்டிருக்கு, அக்கா."

ஐ.சி. படங்களைப் பையில் வைத்தார். "டாக்டரம்மா வீடு உங்களுக்குத் தெரியும்தானே. வாங்க போவோம்."

9

போனோம். செல்லம்மை ஆச்சி, டாக்டரின் தாயார், கூடத்தில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். டாக்டர் வந்து பஞ்சாலையைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றார்.

"தொடர்பு அறுந்துபோச்சுன்னு எழுதியிருக்கீங்களாமே," என்றார் பஞ்சாலை.

"தோட்டத்துக்கு லெட்டர் போட்டோம், அம்மா. திரும்பி வந்துடுச்சு."

"புது அட்ரஸ் குடுத்தேன். ஜூலை மாசம். பச்சைக் கிளிப்பு போட்டு மாட்டினாங்க."

ஆச்சி மகளைப் பார்த்தார். டாக்டர் தரையைப் பார்த்தார்.

"தெரியும்," என்றார்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். பஞ்சாலைக்கென்று வந்த ஆறு திருகாணிகளையும் பெரிய டாக்டர் வேறொருவருக்கு வைத்துவிட்டார். ஆராய்ச்சியில் இல்லாத ஆள், வெளியிலிருந்து வந்த வாடிக்கையாளர். மறுபடி அனுப்பும்படி கம்பெனிக்கு எழுதியபோது, எலும்புத் தண்டு கிடைத்துவிட்டது, அவர்களுக்கு வேண்டிய விவரம் அவ்வளவுதான், திட்டம் முடிந்தது என்று பதில் வந்தது. இதை அப்படியே எழுதினால் ஆய்வேடு தேறாது என்று பெரிய டாக்டர் சொன்னார். அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். தட்டச்சு செய்தது சீதாலெட்சுமி.

"அந்த ஆறையும் யாருக்கு வச்சாரு?"

"அதைச் சொல்லக் கூடாது, அம்மா."

"அது ரகசியம்."

"ஆமா."

பஞ்சாலை காப்பியைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தார். டாக்டர் நாற்காலியை நகர்த்தி அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். எப்படியாவது திருகாணி வரவழைத்துத் தானே வைத்துவிடுவதாகச் சொன்னார். ஒரு வருடத்துக்குள். எலும்பு முழுக்கக் கரைவதற்குள்.

"ஆனா புகார் எதுவும் வேணாம், அம்மா. புகார் போச்சுன்னா என் லைசென்ஸ் போயிடும். அப்புறம் நான் உங்க வாயைத் தொடவே முடியாது." சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

"அழாதீங்க, டாக்டர். நீங்க அழுதா நான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும். நான் அதுக்கு வரல."

பஞ்சாலை தொடர்ந்து பேசினார், நாக்கு ஈறில் தட்டித் தட்டி, ஒவ்வொரு சொல்லாக.

"பல்லைப் போட்டுக்கிட்டு வாயை மூடிக்கணும். அதானே சொல்றீங்க? நான் பல்லு கேட்டதே பேசுறதுக்கு."

எழுந்தார். தன் எக்ஸ்ரே படங்களைக் கேட்டார். டாக்டர் உள்ளே போய் எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தார். மையத்தில் வாங்கி வைத்த பழைய செட் எங்கே என்று மட்டும் தெரியாது என்றார்.

10

புகாரைக் கடையில் உட்கார்ந்து பஞ்சாலை சொன்னார், நான் தட்டச்சு செய்தேன். மேல்பல் இல்லாத வாயில் சில எழுத்துகள் உருண்டு போகும். மூன்றாம் தடவையாக "என்ன சொன்னீங்க, அக்கா?" என்று கேட்டபோது அவர் மேசையில் கையை வைத்தார்.

"தம்பி, உங்களுக்கு முப்பத்திரண்டும் இருக்கு. கொஞ்சம் காதையும் வச்சுக் கேளுங்க."

கேட்டேன். ஐந்து பக்கம் வந்தது. அவற்றில் ஒன்று முழுக்கத் தேதிகள்: எந்தெந்த நாளில் எந்தப் பஸ்ஸில் போனார் என்று. ஒப்புதல் படிவத்தின் பிரதியையும் படங்களின் நகலையும் வைத்து, செப்டம்பரில் உரிய அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். மூன்று வாரத்தில் ஒரு சின்னக் கடிதம் வந்தது. கோப்பு எண் இன்னது, கவனிக்கப்படும்.

இடையில் மாநாடு நடந்தது. ஸ்லைடுகளைச் சொன்ன தேதியில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். டாக்டர் அந்த வரியை மாற்றிக் கொண்டுவருவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். வரவில்லை. ஸ்லைடுகளைத் தர மறுத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பஞ்சாலையும் கேட்டார்.

1997 கடைசியில் வேறொரு கிளினிக்கில் படம் எடுத்தோம். அங்கே இருந்த இளம் டாக்டர் பழைய படத்தையும் புதிதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தார். பதினொன்று எட்டாகியிருந்தது.

"யார் செய்தது இந்த வேலை? ரொம்ப நல்லா செய்திருக்காங்களே," என்றார் அவர், எலும்பைப் பார்த்து. "அப்புறம் ஏன் சும்மா விட்டுட்டாங்க?"

11

மூன்று முடிவுகள் எழுதினேன். மூன்றையும் பஞ்சாலையிடம் படித்துக் காட்டினேன்.

முதலாவதில் அவருக்குப் பல் கிடைக்கிறது. கண்ணாடி முன் நின்று சிரிக்கிறார். "யாரு வச்சாங்க?" என்று கேட்டார் பஞ்சாலை. நான் அதை எழுதவில்லை. "கதையில வச்சுட்டீங்க. படிக்கிறவங்க நிம்மதியாத் தூங்கிடுவாங்க," என்றார்.

இரண்டாவதில் போர்ட்டிக்சன் மண்டபம். ஏழாம் ஸ்லைடு திரையில் விழும்போது அவர் பின்வரிசையில் எழுந்து, நான் இங்கேதான் இருக்கிறேன் என்கிறார். மண்டபம் உறைகிறது. ஒருவர் கைதட்ட, எல்லோரும்… அவர் என்னை நிறுத்தினார். "அந்த ஹோட்டல் வாசல்லயே காவலுக்கு நிக்கிற ஜாகா என்னை உள்ள விட்டிருக்கமாட்டான். சரி, விட்டான்னே வச்சுக்குவோம். கைதட்டினவங்கள்ல ஒருத்தராவது எனக்குப் பல்லு வச்சாரா?"

மூன்றாவதை எழுதியபோது என் கண்ணே கலங்கியது. அவர் இறந்துபோகிறார். எரித்த மறுநாள் முருகையா சாம்பலில் எலும்பு பொறுக்குகிறார். தாடையில் வளர்ந்த இடுப்பெலும்பு அவர் விரலில்…

"தம்பி," என்றார் பஞ்சாலை. "எனக்கு நாப்பத்தெட்டு வயசு. பிரெஷர் இல்ல, சீனி இல்ல. எதுக்கு என்னைக் கொல்றீங்க? நான் செத்துட்டா அவங்களுக்குத்தான் சௌகரியம்."

தாளைக் கிழித்துப் போட்டேன்.

12

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு எழுதும் வேலை என்னிடம் இல்லை. அது ஒரு கோப்புக்குள் கிடக்கிறது. 1998 பிறந்து நாலு மாதமாகிவிட்டது. நாலு நினைவூட்டல் போட்டோம். பதில் முகவரியாகக் கடையைக் கொடுத்திருப்பதால் மாதத்துக்கு ஒருமுறை பஞ்சாலை வந்து கேட்டுவிட்டுப் போகிறார். கையில் ஒரு நோட்டு. அடுக்குமாடியில் தண்ணீர் வராத வீடுகளின் எண்களை அதில் எழுதி வைத்திருக்கிறார். போன வாரம் பதினாறு பெண்களோடு நகராட்சிக்குப் போய், பல்லில்லாத வாயாலேயே முக்கால் மணி நேரம் பேசிவிட்டு வந்தார். யாராவது சிரித்தார்களா என்று கேட்டேன். "சிரிச்சாங்க. நிறுத்துற வரைக்கும் பேசாம நின்னேன். அப்புறம் மறுபடி ஆரம்பிச்சேன்," என்றார்.

கதை படிக்கிறவர்களில் அரசாங்க வேலையில் இருக்கிறவர்கள் நிறையப் பேர் என்று என் ஆசிரியர் நண்பர் சொல்வார். உங்களில் ஒருவர் மேசையில், அல்லது மேசைக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியில், அந்தக் கோப்பு இருக்கலாம். ஐந்து பக்கம், இரண்டு எக்ஸ்ரே நகல், தமிழில் ஒரு கையெழுத்து. அடையாளம் தெரியாமல் போகாது. தயவுசெய்து எடுங்கள். படியுங்கள். அந்த எட்டு மில்லிமீட்டர் இன்னும் எட்டாகவே இருக்காது. இந்தக் கதையை நீங்கள் முடித்து வையுங்கள்.

இந்த இடத்தில் கடைசி வரியாக, "முடியாது என்று பதில் எழுதினால்கூடப் பரவாயில்லை" என்று எழுதியிருந்தேன். பஞ்சாலை என் கையிலிருந்த பேனாவை வாங்கி, அந்த வரியின்மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"பரவாயில்லைன்னு நான் எப்ப சொன்னேன்?"